ஊருக்கொரு பூட்டு

மேடையில் வீற்றிருக்கும் லாரி முன்பதிவுச் சங்கத் தலைவர் காளியண்ணன் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, கணவர் நாச்சிமுத்துவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி சென்னியம்மாள் அவர்களே, தோழர்களே, வணக்கம். கணினிப் பொறியாளர் நாச்சிமுத்து அவர்களோடு ஒரே அறையில் வேலை பார்த்த அங்கமுத்து பேசுகிறேன். மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. முன்னே பின்னே பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு, எண்பத்தேழில், நம் நாமக்கல் அலுவலகத்துக்கு இரண்டு மூளைகள், அதாவது இரண்டு செயலிகள், கொண்ட கணினி வந்தது. வேலை இரண்டு மடங்கு நடக்கும் என்றார்கள். நடந்ததா? ஒரு செயலி ஓடியது, மற்றொன்று பெரும்பாலும் காத்துக் கிடந்தது. காரணம், கணினியை உள்ளிருந்து நடத்தும் கெர்னலில் எல்லாக் கோப்புகளுக்கும் சேர்த்து ஒரே பூட்டு. பம்பாய் லோடை ஒருவர் பதிந்தால், சென்னை லோடைத் தேடுபவரும் நிற்க வேண்டும். நாச்சிமுத்து அண்ணன் நாற்காலியில் உட்காராமலே சொன்னார்: "ஏனுங்க அங்கமுத்து, கெடங்குல பத்து ரூமு இருக்குதுங்க, சாவி ஒண்ணுதான். வெளியில நிக்கறவன் மேல என்னங்க தப்பு?"

அந்த ஒற்றைப் பூட்டை எடுத்தவர் யார்? நாச்சிமுத்து. ஊருக்கொரு கோப்புப் பகுதி, பகுதிக்கொரு பூட்டு என்று பிரித்தவர் யார்? அதே நாச்சிமுத்து. பதிவுச் சன்னலில் கூட்டம் குறைந்தது.

பிறகு ஒரு நாள் திரைகள் எல்லாம் உறைந்தன. ஒரு கோப்பை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்ற இரண்டு பூட்டும் வேண்டும். ஒருவர் சென்னையைப் பிடித்துக்கொண்டு பம்பாய்க்குக் காத்திருந்தார், இன்னொருவர் பம்பாயைப் பிடித்துக்கொண்டு சென்னைக்குக் காத்திருந்தார். "பழைய ஒத்தப் பூட்டே போதுமுங்க, மாத்தீருங்க" என்றார் தலைவர். கோபிக்காதீர்கள் ஐயா, சொல்லத்தான் வேண்டும். அண்ணன் மசியவில்லை. "மலைப்பாதையில ஏறுற லோடு வண்டிக்கு எறங்கற வண்டி ஒதுங்குதுங்க. அங்க போலீஸா நிக்குது? மொறை ஒண்ணு இருந்தாப் போதுமுங்க." ஒவ்வொரு பூட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தப் பக்கம் மாற்றினாலும் சிறிய எண்ணுள்ள பூட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று எழுதினார். மறுபடி ஓடியது.

மீதி ஒரே ஓர் இடம். பழைய கோப்புகளை அழிக்கும் பகுதியில் அந்த முறையை அவர் இன்னும் எழுதியிருக்கவில்லை. "காலையில வாரேனுங்க, முடிச்சுப்போடலாம்" என்று போனவர். விடிந்ததும் மாரடைப்பு. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது.

நேற்று கோப்புகளை அழிக்கும்போது கணினி மீண்டும் நின்றது. உடனே பழைய ஒற்றைப் பூட்டையே போட நிர்வாகக் குழு முடிவெடுத்துவிட்டது. அவர் படத்துக்கு மாலை, அவர் வேலைக்கு மூடுவிழாவா? இதுதானா நாம் செலுத்தும் அஞ்சலி?

தலைவர் அவர்களே, ஒரு வாரம் கொடுங்கள். அந்த மீதியை நான் எழுதுகிறேன். என்னால் முடியாவிட்டால் பழைய பூட்டை என் கையாலேயே மாட்டுகிறேன்.

தோழர்களே, மாலை போட எல்லோரும் இடப்பக்கப் படியிலேயே நெருக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். வலப்பக்கப் படி காலியாகக் கிடக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா இருப்பாரா? அந்தப் பக்கமும் வாருங்கள். நான் அந்தப் படியில் இறங்கி நேரே கணினி அறைக்குப் போகிறேன். பதிலை அங்கே சொல்லியனுப்புங்கள், ஐயா.