ஒட்டுப்படக்காரர் சுப்புராயன்

மேடையில் அமர்ந்திருக்கும் கள்ளக்குறிச்சி திரைப்பட வட்டத்தின் தலைவர் அய்யப்பன் அவர்களே! கருணாபுரத்திலிருந்து ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கும் அன்பர்களே! முன்வரிசையில் இருக்கும் சுப்புராயனின் துணைவியார் ரங்கம்மாள் அவர்களே! வணக்கம் சொல்லத்தான் எழுந்தேன். சொல்ல வேண்டியதோ சுப்புராயனுக்கு அஞ்சலி.

நான் தமிழாசிரியை விஜயலட்சுமி. எட்டு ஆண்டுகள் சுப்புராயனோடு சேர்ந்து படம் காட்டியவள். அவர் படத்தை ஓட்டுவார். நான் டேப் ரிக்கார்டரைப் போடுவேன்.

யார் இந்தச் சுப்புராயன்? பெரிய இயக்குநரா? படக் கம்பெனி முதலாளியா? இல்லை! நம் ஊர்த் தியேட்டரில் முப்பது ஆண்டுகள் ஆபரேட்டர். பிலிம் அறுந்தால் கிழிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார்கள் அல்லவா? எறிந்த அந்தத் துண்டுகளை அவர் சேர்த்து வைத்தார். எடைக்குப் போகவிருந்த பழைய சுருள்களைக் கேட்டு வாங்கினார். அவற்றை வரிசை மாற்றி ஒட்டி, ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் ஓடும் புதுப் படங்கள் செய்தார். படத்தின் சத்தத்தை அடக்கிவிட்டு, வேறு எங்கோ கேட்ட பாட்டை அதற்குப் போடச் சொல்வார். ஊர் சிரித்தது. 'ஒட்டுப்படக்காரர்' என்று பெயர் வைத்தது. அவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது!

முதல் படத்தின் பெயர் 'கதவு'. இருபத்தாறு பழைய படங்களிலிருந்து, பெண்கள் கதவு திறக்கும் துண்டுகள் மட்டும். திறக்கிறார்கள்; யாரும் வரவில்லை. அதற்குக் கல்யாண நாதஸ்வரம் போட்டோம். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் பத்தாவது கதவில் அடங்கிவிட்டது. தியேட்டர் பெருக்கும் ராணியம்மாளின் கணவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவர். அந்த ராணியம்மாள் வந்து கேட்டார்: "இன்னா சார், எங்க வூட்டுக் கதவ எப்ப வந்து படம் புடிச்சீங்க?" அந்தக் கேள்வியை விடப் பெரிய விருது உண்டா?

போன வருடம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடேறிக்கொண்டிருந்தது. அவருடைய சொந்த ஊரான நைனார்பாளையத்தில் ஊர்த்தெருவும் காலனியும் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டன. சுப்புராயன் என்ன செய்தார்? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நெற்களத்தில் திரை கட்டினார்! சண்டைக் காட்சிகளில் ஓர் அடியைக்கூட விடாமல் வெட்டி நீக்கிவிட்டார். ஓங்கிய கை வரும். அடுத்து ஒரு தாயின் முகம் வரும். பின்னால் ஒரு பழைய தாலாட்டு.

பாதியில் ஊர்த்தெருவைச் சேர்ந்த தங்கதுரை என்ற இளைஞர் எழுந்து கத்தினார். "இன்னாயா, அடிய காட்டாம அழுவுறதயே காட்டிக்கினு கீற? நீ யாரு பக்கம்?"

"அடி இன்னான்னு உனக்குத் தெரியும் தம்பி," என்றார் சுப்புராயன். "அழுவுறவள நீ திரும்பிப் பாத்ததில்ல. அதான் ஒட்டிக்கினு வந்தேன்."

மறுநாளே பகை தீர்ந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். தீரவில்லை. ஆனால் அன்று இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

போன மாதம் அதே போராட்டத்தின் சாலை மறியல் வாரம். சாலை நெடுக மரங்கள் வெட்டிக் கிடந்தன. மூன்றாம் நாள் காலை நைனார்பாளையத்தில் இருந்த சுப்புராயனுக்கு நெஞ்சுவலி. ஏற்றி வந்த ஜீப் ஊரைத் தாண்டியதும் ஒரு புளியமரத்தின் முன்னால் நின்றுவிட்டது. அந்த மரத்தைச் சாய்த்தவர்களில் தங்கதுரையும் ஒருவர். உள்ளே எட்டிப் பார்த்தவர் அலறினார்: "யோவ், நம்ம ஒட்டுப்படக்காரருயா! கட்டில கொண்டாங்கயா!" மறியல் செய்தவர்களே கயிற்றுக் கட்டிலில் அவரைத் தோளில் தூக்கினார்கள். கிளைகளுக்கு ஊடே, ஒன்றல்ல, நான்கு மரங்களைத் தாண்டி ஓடினார்கள்! ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது உயிர் இல்லை.

தங்கதுரை கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். தம்பி, நிமிர்ந்து உட்கார். படிப்பும் வேலையும் கேட்டது குற்றமில்லை. ஆனால் அன்று நாம் இழந்தது யாரை என்பதை மறந்துவிடாதே.

இத்துடன் முடிக்கத்தான் நினைத்திருந்தேன். நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் பாதி ஒட்டிய சுருள் ஒன்று கிடந்தது. "இதை இனி யார் முடிப்பார்?" என்று வாய்விட்டு அழுதேன். ரங்கம்மாள் அந்தச் சுருளைக் கையில் எடுத்தார்.

"டீச்சரம்மா, அவுருக்குக் கண்ணுல புரை வந்து ரெண்டு வருசம் ஆச்சி. ஊசில நூலு கோக்க முடியாதவரு பிலிம எப்புடி ஒட்டுவாரு? அவுரு சொல்லிக்கினே இருப்பாரு, நான் வெட்டி ஒட்டிக்கினே இருப்பேன். சில தபா, 'நீ சொல்றதுதான் சரி, அப்புடியே வெய்யி'ன்னுடுவாரு."

"ஏம்மா இத்தனை நாள் சொல்லவில்லை?"

"நீங்க யாரும் கேக்கலியே."

பெரியோர்களே! எட்டு ஆண்டுகள் அந்த வீட்டுக் காப்பியைக் குடித்தவள் நான். கேட்டேனா? நீங்கள் கேட்டீர்களா? இதுவரை ஒரு கலைஞருக்காக அழுதோம். இன்னொரு கலைஞரை வெறும் துணைவியார் என்று முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம்!

எனவே இந்த அவையில் உறுதி சொல்கிறேன். மேசைமேல் கிடக்கும் அந்தப் படம் முடியும். ஓடும். அதன் முகப்பில் இரண்டு பெயர்கள் இருக்கும். அதற்குப் பிறகும் படங்கள் வரும்.

ரங்கம்மாள் அம்மா, மேலே வாருங்கள். தலைவர் அவர்களே, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.