சிவப்புப் பெட்டிக்குள் ராக்கெட்

"ஹலோ... ஹலோ... மாப்ள, நாந்தான். எங்கன நிக்க? ... ஏழாயிரம்பண்ணையிலயா? லோடு ஏத்துறியா? ... ஏத்துனது போதும். ஓரமா வந்து நான் சொல்றதக் கேளு."

சிவகாசியில் நவநீதகிருஷ்ணனின் அச்சாபீஸுக்குப் பின்னால், டிரெய்லர் மேல் அந்த மோட்டார் போட் உட்கார்ந்திருந்தது. கூப்பிடு தூரத்தில் கடல் கிடையாது. பட்டாசுக் கம்பெனி முதலாளிக்குப் போட் எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்டுவிடவும் முடியாது. காலையிலிருந்து அதற்குப் பணிவிடை செய்து, முழங்கை வரை நீலப் பெயிண்ட்டோடு நின்றவர், இப்போது மச்சினன் ஸ்ரீராம்குமாரைப் போனில் பிடித்துக் காய்ச்சத் தொடங்கியிருந்தார்.

"வேலையா? ஆமா, ஆமா, முடிஞ்சிருச்சு. தூத்துக்குடியில இருந்து வந்த மெக்கானிக்கு மெர்வின், இஞ்சினப் பூராப் பிரிச்சு மாட்டிட்டாரு. பேட்டரி புதுசு. தண்ணி எறைக்கிற பம்பும் ஓடுது. ... அடியில ஒட்டுன சிப்பியா? அதையேன் கேக்க! நம்ம கம்பெனி ஆளுகள விட்டேன்ல, இரும்புச் சொரண்டியத் தொடமாட்டேன்னுட்டானுக. 'பொறி பறக்கும் மொதலாளி'ங்கான்! பித்தளைத் தகட்ட வச்சு மத்தியானம் வரைக்கும் தடவிக் குடுத்துக்கிட்டு இருந்தானுக. ... சிரிக்காத. சிரிக்காதலே! சிரிக்கவா கூப்பிட்டேன்?

"செவப்புப் பெட்டிக்குள்ள என்னத்த வச்சிருக்க? ... அதான், ஆபத்துக்குன்னு போட்டுல வைக்கிற பெட்டி. ... லைஃப் ஜாக்கெட்டு சரி. விசிலு சரி. ஃப்ளேரு எங்க? நடுக்கடல்ல மாட்டிக்கிட்டா கையில பிடிச்சுச் செவப்பா எரிய விடுவாகளே, அது! ஆறு வாங்குன்னு சீட்டுல எழுதிக் குடுத்தேன்ல? ... ஆமா. ... ஆமா, ராக்கெட்டு இருக்கு. நம்ம கம்பெனி தீபாவளி ராக்கெட்டு, லேபிளோட இருக்கு! மெர்வின் அதத் தூக்கிக் காமிச்சு, 'அண்ணாச்சி, கடலுக்குப் போறீகளா, கோயில் கொடைக்கு வெடி போடப் போறீகளா'ங்காரு. மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?

"... என்னது? ஒசரமாப் போகுமா? ஏழு கலரா? ஏழு கலர்ல வெடிச்சா ஆபத்துன்னு எவம்லே நெனப்பான்!"

அவர் போட்ட சத்தத்தில், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த மெர்வின் எதற்கு வம்பு என்று டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

"ஆர்த்தி நாளைக்குப் போட்டுல ஏறுறேன்னு இப்பத்தான் வாயத் தொறந்து சொல்லிருக்கா. பெத்த மக, மாசியில இருந்து ஆறு மாசமா இந்தப் போட்டப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவா. 'அந்தப் பெட்டிய நானே தொறந்து பாப்பேன்ப்பா, பாத்துட்டுத்தான் ஏறுவேன்'னுருக்கா. இப்ப வந்துருவா. நான் என்னத்தக் காட்ட? ... பேசாத. நீ பேசாத. வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா... ... என்ன? ... என்ன சொன்ன?"

நவநீதகிருஷ்ணனின் கோபம் அப்படியேதான் இருந்தது. அதை யார் மேல் கொட்டுவது என்பதில்தான் சிக்கல் வந்துவிட்டது.

"... ஆமா. ... ஆமா, ஆமா, சொன்னேன். மாசியில நம்ம ராக்கெட்டுதான் கடல்ல எங்களக் காப்பாத்துச்சுன்னு சொன்னேன். ... கல்யாண வீட்டுல மைக்கப் பிடிச்சும் சொன்னேன்லே, இல்லங்கல! அத நம்பித்தான் வச்சியா? ... ம். ... பொய்யி மாப்ள. ... பொய்யிங்கேன்ல! எத்தன தடவ சொல்ல?

"அன்னைக்கு நடுக்கடல்ல இஞ்சின் படுத்துருச்சு. போனுல டவர் இல்ல. ஆர்த்தி எஞ் சட்டையப் பிடிச்சுக்கிட்டு நடுங்குதா. பத்து ராக்கெட்டு விட்டேன். ரெண்டு மீன்பிடி வள்ளம் பக்கத்துலதான் போச்சு. அவுக என்ன செஞ்சாக தெரியுமா? தலைக்கு மேல கையத் தூக்கித் தட்டுனாக! எவனோ காசுக்காரன் கொண்டாடுறான்னு தட்டிட்டுப் போயிட்டாக. மூணு மணி நேரம் மிதந்தோம். பெறகு தற்செயலா வந்த வேற வள்ளம் கயிறு போட்டு இழுத்துச்சு. ... அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டுந்தான் தெரியும். நான் மைக்கப் பிடிச்சுப் பேசயில, முன் வரிசையில உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா.

"சரி, அழுகுற குரல்ல பேசாத. லோடு கெடக்கட்டும். நேரா தூத்துக்குடிக்கு விடு, கடை அடைக்கதுக்குள்ள ஆறு ஃப்ளேரு... ... இரு. ... ஒரு நிமிசம் இரு மாப்ள."

போட்டின் மறுபக்கத்தில் ஆர்த்தி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பெட்டி திறந்து கிடந்தது. கையிலிருந்த ராக்கெட்டின் லேபிளைப் படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"... வந்துட்டா. ... பாத்துட்டா. ... ஆர்த்தி, அம்மாடி, மாமா இந்தா வாங்கப் போறான்..."

அவள் அப்பாவைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"... என்ன சத்தமா? ... வெடியில்ல மாப்ள. அவ கை தட்டுதா. ... போன வச்சிரு."