மாவிங்காவின் பதினொரு விநாடி

நீ பொரித்துக் கொடுத்தனுப்பிய மிக்காத்தே உருண்டைகள் கிடைத்தன, லுசோலோ. சிலவற்றை அன்றே தின்றுவிட்டேன், மிச்சத்தை மறுநாள் காலைத் தேநீரோடு. இந்தமுறை சர்க்கரை குறைவு. எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

உன் புருஷன் கையில் யாரோ சூனியம் வைத்துவிட்டதாக உன் அம்மா சொல்கிறாள் என்றும், ஜெபக்காரரிடம் கூட்டிப்போகலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். கியாலாவின் கையை யாரும் சபிக்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இப்போதெல்லாம் எனக்குச் சீக்கிரம் களைத்துப்போகிறது, அதனால் சுருக்கமாகத்தான் எழுத முடியும்.

கிடார்க்காரன் மாவிங்காவின் அந்த இசைத்தட்டைக் கின்ஷாசாவில் கேட்காதவர்கள் இல்லை. பாடகர்கள் வாயை மூடியதும் கிடார் பிய்த்துக்கொண்டு ஓடும் செபேன் பகுதியில், நடுவே பதினொரு விநாடி வருகிறது. இந்த ஊரில் கிடார் தொட்ட ஒவ்வொருவனும் அதைக் காதால் பிடித்து விரலில் இறக்கப் பார்த்திருக்கிறான். யாராலும் முடிந்ததில்லை. மாவிங்காவுக்குக் கையில் ஆறு விரல் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

அவனுக்கு ஐந்துதான். மிச்சம் என்னுடையவை.

ஒலிப்பதிவன்று எங்கள் இசைக்குழுத் தலைவர் எகோஃபோ மலேரியாவில் படுத்திருந்தார். பாடகர்கள் பாடிவிட்டுப் போய்விட்டார்கள். நானும் மாவிங்காவும் ஒரே மைக்கின் முன்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். ஓர் உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதுபோல அவன் ஒரு சுரம், நான் ஒரு சுரம். இரண்டு கிடார்களும் ஒரே பட்டறையில் செய்தவை. ஒலியை வைத்துப் பிரிக்க முடியாது. அந்த மாதமே மாவிங்கா பிரஸ்ஸல்ஸ் போய்விட்டான். தட்டு வெளிவந்தபோது உறையில் அவன் பெயர் மட்டும் இருந்தது. முதலில் சிரித்தேன். சொல்லலாம் என்று தோன்றியபோது தட்டு பிரபலமாகியிருந்தது. அப்போது சொன்னால் பொறாமை என்றிருப்பார்கள். பதினெட்டு வருடம் எகோஃபோவுக்கு இடப்பக்கம் நின்று துணைக் கிடார் வாசித்தேன். அந்தப் பகுதியை மேடையில் யாரும் வாசிக்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில் நீயும் கியாலாவும் மத்தாடியிலிருந்து வந்தீர்கள். ஜூன் முப்பது, சுதந்திர நாள் ஆட்டத்தில் அந்தப் பதினொரு விநாடியை மேடையில் வாசித்தால்தான் கியாலாவுக்கு முதல் கிடார் என்று எகோஃபோ சொல்லிவிட்டார்.

"முடியலைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு மத்தாடிக்கே போய்ச் சேரு. மாவிங்கா இதைப் பீர் குடிச்சிக்கிட்டே வாசிச்சான்."

"எனக்கும் ஒரு பாட்டில் வாங்கிக் குடுங்க தலைவரே. கையைச் சும்மா விடுங்க, பீரே வாசிக்கும்" என்றான் கியாலா.

எல்லோரும் சிரித்தோம்.

டேப் பெட்டியும் அந்தப் பாட்டைப் பதிந்த நாடாவும் என்னிடம் இருந்ததால் தினமும் காலையில் என் முற்றத்துக்கு வந்தான். எங்கள் முறை உனக்குத் தெரியும். புது பேட்டரியில் சுரங்கள் தகரக் கூரையில் மழை விழுவதுபோலக் கொட்டும். பேட்டரி தீரும் தருவாயில் நாடா மெதுவாக ஓடும், ஒவ்வொன்றாகப் பொறுக்கலாம். சுருதியும் இறங்கும். கிடாரை அதற்கேற்ப இறக்கிக்கொள்வோம். அக்கம்பக்கத்தார் தூக்கிப்போடும் பேட்டரிகளை நான் ஒரு தகர டப்பாவில் சேர்த்துவைத்திருந்தேன்.

அவன் சுரங்களைப் பத்தே நாளில் பிடித்துவிட்டான். வேகம்தான் வரவில்லை. ஒரு கையால் வரக்கூடிய வேகம் இல்லை அது. நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தான். மணிக்கட்டு வீங்கியபோது தைலம் தேய்த்துவிட்டேன், வலி மாத்திரை வாங்கிக்கொடுத்தேன். நீ எனக்குப் பலகாரம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தது அப்போதுதான்.

அவனைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அவன் காது நல்ல காது. இந்தச் சத்தத்துக்குள் நான் இருப்பதை ஒரு மனிதனாவது தானாகக் கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அதில் தப்பென்ன என்று இன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் மூன்றாவது வாரம் அவன் கேட்டுவிட்டான்.

பேட்டரி அன்று கிட்டத்தட்டச் செத்திருந்தது. அவன் ஒரே இடத்தை ஒன்பது முறை திருப்பிப் போட்டான்.

"அண்ணே, இங்க பாருங்க. இந்த ரெண்டு சுரமும் மெல்லிய தந்தியோட கடைசியில மட்டும்தான் கெடைக்கும். முதல் சுரம் இன்னும் அதிருது, அதுக்குள்ள அடுத்தது விழுந்துடுச்சு. ஒரு தந்தி ஒரே நேரத்துல எப்படிண்ணே ரெண்டு சுரம் பேசும்?"

பெட்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இதுல ரெண்டு பேரு இருக்காங்களா?"

காத்திருந்தது வந்துவிட்டது. மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவன் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கண்டுபிடித்துவிட்டான். இனி தன் பாதியை வாசிப்பான், என் பாதியை என்னிடம் கொடுப்பான், முதல் கிடார் ஆவான், நான் மறுபடியும் இடப்பக்கம் நிற்பேன். எனக்கு வேண்டியது என் வாசிப்பு ஒருவன் காதில் விழுவது அல்ல என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"பேட்டரி செத்தா பெட்டி தள்ளாடும்டா. ஒண்ணு ரெண்டாக் கேக்கும்" என்றேன்.

"நெசமாவா?"

"உன் வயசைவிட அதிக நாளா இந்தப் பெட்டியோட குடும்பம் நடத்துறேன்."

"நானும் பெரிய கண்டுபிடிப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன். ஒங்க காது எங்கண்ணே, என் காது எங்க" என்று சிரித்தான்.

அன்றே கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். டப்பாவில் இருந்தவற்றைச் சாக்கடையில் கொட்டினேன். பிறகு அவன் அதை முழு வேகத்தில் மட்டுமே கேட்டான்.

மே மாதத் தொடக்கத்தில் அவன் இடக்கைச் சுண்டுவிரல் மடங்க ஆரம்பித்தது. நான் முன்பு இருந்த குழுவில் ஒருவனுக்கு இப்படி ஆகியிருந்தது. மடங்கத் தொடங்கியதும் நிறுத்தியிருந்தால் திரும்பியிருக்கும் என்று அவனே என்னிடம் சொன்னான். அவன் இப்போது படகுத்துறையில் மூட்டை தூக்குகிறான்.

"அண்ணே, இந்த விரலு எங்கிட்டக் கேக்காமலே மடங்குது. ரெண்டு நாள் விட்டுப் பாக்கட்டுமா?"

"விட்டா இறுகிடும். இன்னொரு தடவை வாசி."

"நீங்க சொன்னா சரிதாண்ணே."

இன்னொரு தடவை என்று அதன்பிறகு முப்பத்தொரு நாள் சொன்னேன். எண்ணியிருக்கிறேன். கடைசி வாரத்தில் மோதிர விரலும் உள்ளே போய்விட்டது. இப்போது அவன் சட்டைக்கு நீதான் பொத்தான் போடுகிறாய். விரலில் குறையில்லை, தலைதான் விரல்களைத் தப்பாகக் கற்றுக்கொண்டுவிட்டது என்று மருத்துவர் சொன்னாராமே. அவர் சொன்னது சரி. கற்றுக்கொடுத்தவன் நான்.

ஆட்டத்தன்று பிற்பகல் எகோஃபோவுக்கு வேறு ஆளில்லை. நீ வாசி என்று என்னை முன்னால் தள்ளினார். எனக்கு என் பாதி மட்டும்தான் தெரியும். அதை வாசித்தேன். ஒரு சுரம், ஓர் ஓட்டை, ஒரு சுரம், ஓர் ஓட்டை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் தடுமாறி நின்றார்கள்.

"பெரியவரே, பாதி கிடாரை வீட்டுல மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்று ஒருத்தி கத்தினாள். கூட்டமே சிரித்தது. எகோஃபோ முரசுக்காரனுக்குக் கை காட்டி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

கியாலா மேடைக்குக் கீழே நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்திருந்தான், கண் மூடியிருந்தது. அவன் வலக்கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் விட்ட இடங்களில் மட்டும், ஒன்றுகூடத் தவறாமல்.

அதன்பிறகு அவன் என் வீட்டுப்பக்கம் வரவில்லை. உன்னிடமும் எதுவும் சொல்லவில்லை என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது.

அவன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை, லுசோலோ. அதை நான் பத்திரமாகத்தான் விட்டிருக்கிறேன்.