நட்ட நடுவில் ஒரு முள்

அண்ணி: கம்ப்யூட்டர் விளையாட்டுல ஒரு எலிய அடிக்க இருபது நிமிஷம்! இவனெல்லாம் ஒரு வீரனா? எல்லாம் உங்களாலதான்.

அண்ணன்: என்னாலயா? லெவல் ஏறினா உனக்கு ஒரு புள்ளி மந்திரத்துக்கு, எனக்கு ஒரு புள்ளி மெஷினுக்குன்னு பிரிச்சா அவன் என்னதான் பண்ணுவான்? மீட்டர் முள்ளப் பாரு... மந்திரத்துக்கும் மெஷினுக்கும் நட்ட நடுவுல நிக்குது.

அண்ணி: மந்திரம் ஏறினா துப்பாக்கி சிக்கிக்குது, மெஷின் ஏறினா மந்திரம் பலிக்கல. விளையாட்டோட சட்டமே அதான். நீங்க விட்டுக்குடுங்க.

அண்ணன்: லிப்ட் மெக்கானிக் பொண்டாட்டி பேசற பேச்சா இது? லிப்ட் பாதியில நின்னா மந்திரம் சொல்லியா இறக்கறேன்?

அண்ணி: ஸ்பேனரப் பிடிச்சுக்கிட்டு நீங்க முணுமுணுக்கறத நானும் கேட்டிருக்கேன். அது மந்திரம் இல்ல. வெளிய சொல்ல முடியாது.

அண்ணன்: சரி சரி... எலிய அடிச்சதுக்கு ஒரு புள்ளி வந்திருக்கு. என் முறை. சாயங்காலம் வந்து போடறேன். தொட மாட்டேன்னு சொல்லு.

அண்ணி: தொடல, போங்க... ஏங்க, டிபன் டப்பா!

*

தம்பி: நெஜமாவே கம்ப்யூட்டர என் பொண்ணுக்குக் குடுக்கறீங்களா, அண்ணி?

அண்ணி: நாலு மாசமா மூடியே கிடக்கு. அன்னைக்கு வேலைக்குப் போன எடத்துல நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவர், எழுந்திரிக்கவே இல்ல... இனி யார் விளையாடப் போறா? எல்லாத்தையும் அழிச்சுட்டு எடுத்துட்டுப் போ.

தம்பி: 'லிப்ட் வயரிங்'னு ஒரு ஃபைல் இருக்கு. அழிக்கலாமா?

அண்ணி: அதெல்லாம் எனக்கு எங்க புரியும்? தொறந்ததே இல்ல.

தம்பி: இருங்க... வயரிங்கயே காணோம். அதே விளையாட்டு! தாடி வெச்ச வேற ஒரு வீரன், அண்ணன் தனியா ஆடினது போல. முள்ளு மந்திரத்துப் பக்கம் முட்டிக்கிட்டு நிக்குது.

அண்ணி: அடப்பாவி மனுஷா! மந்திரம் சோம்பேறிங்க வேலைன்னு என்கிட்ட என்னா வாயடிச்சாரு!

தம்பி: நீங்க சிரிச்சு எவ்வளவு நாளாச்சு அண்ணி... சரி, இந்த 'மளிகை'?

அண்ணி: ஐயோ, அதத் தொறக்காதே!

தம்பி: ...அண்ணி, மளிகையில சோப்பக் காணோம். ஆறு துப்பாக்கிதான் இருக்கு.

அண்ணி: மூடு, மூடு அத!

தம்பி: முள்ளு முழுக்க மெஷின் பக்கம்! நீங்களா?

அண்ணி: மளிகைன்னு எழுதி வெச்சா உங்க அண்ணன் ஜென்மத்துக்கும் தொறக்க மாட்டாருன்னுதான்... எதையும் அழிக்காதேப்பா. அந்த எலியடிச்சவனுக்கு ஒரு புள்ளி மிச்சம் இருக்கும் பாரு, அதத் தொடாதே. சாயங்காலம் வந்து போடறேன்னு சொல்லிட்டுப் போனார்.