போட்டு வாங்கோ

இரவு ஒன்றரை மணி. வல்லை வெளி. ஒற்றை வண்டில்.

இதில்தான் கதை தொடங்குகிறது. பூசணிக்காய் வெட்டுகிறவர்கள் வெட்டிக்கொண்டே கேளுங்கள். பயத்தில் விரலை வெட்டிப்போட்டு நாளைக்கு என்னைக் குறை சொல்லக் கூடாது. இன்னும் இரண்டு கடகம் கத்தரிக்காய் கிடக்கிறது. நீங்கள் நித்திரை கொண்டால் கலியாணப் பந்திக்குக் கறி இல்லை. அதற்காகத்தான் சொல்கிறேன். எனக்குப் பேயிலும் நம்பிக்கை இல்லை, பிசாசிலும் நம்பிக்கை இல்லை. இந்த யுத்த காலத்தில் கூப்பன் கடைக்காரனைத் தவிர வேறு ஒருவருக்கும் நான் பயந்ததில்லை.

கொஞ்சம் நெருங்கி இருங்கள். மெதுவாகத்தான் சொல்ல வேண்டும், உள்ளே கேட்கக் கூடாது. ஏன் என்று பிறகு விளங்கும்.

சொன்னவன் என் சிநேகிதன் அருளம்பலம். நடந்தது அவனுடைய தாய்மாமனுக்கு. பெயரைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு வண்டில்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருடத்துக்கு முந்திய மாசி மாதம். மனிதர் நம்முடைய நீர்வேலிக் குலைகளை ஏற்றிக்கொண்டு உடுப்பிட்டிப் பக்கம் சந்தைக்குப் போகிறவர். விடியச் சந்தையில் நிற்க வேண்டுமென்றால் சாமத்தில் வெளிக்கிட வேண்டும். அன்றைக்கு ஏற்றியது இருபத்திரண்டு வாழைக்குலை. எல்லாம் பச்சைக் காய். நகம் வைத்தால் பால் வடிகிற காய். புத்தூர் தாண்டி, அவரங்கால் தாண்டி… வெளி வந்தது.

வல்லை வெளி உங்களுக்குத் தெரியும். வீடு இல்லை, விளக்கு இல்லை. இரண்டு பக்கமும் உவர் மண். காற்று மட்டும். வண்டிலுக்குக் கீழே அரிக்கன் லாம்பு ஆடிக்கொண்டு போகிறது. மாட்டின் கால்நிழல் நீண்டு வெளி முழுக்க நடக்கிறது. அச்சுச் சத்தம்… கிறீச்… கிறீச்… கிறீச்…

நின்றுவிட்டது.

அவர் கயிற்றை இழுக்கவில்லை. மாடுகள் தாமாகத்தான் நின்றன. பிறகு வண்டிலின் பின்பக்கம் தாழ்ந்தது. யாராவது ஏறினால் தாழுமே, அப்படி. ஆனால் ஓர் ஆள் ஏறின தாழ்வு இல்லை அது. நுகம் மாடுகளின் கழுத்தை விட்டு ஒரு முழம் மேலே எழும்பிவிட்டது. கழுத்துக் கயிறு மாடுகளை நெரித்தது. மாடுகள் கத்தவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

ஏறினது கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து இருந்திருக்க வேண்டும். நுகம் மெல்ல இறங்கியது. மாடுகள் நடக்கத் தொடங்கின.

பஞ்சலிங்கம், என்ன செருமுகிறாய்? தொண்டை காய்ந்தால் எழும்பிப் போய்த் தண்ணீர் குடி. நல்ல இடத்தில் செருமாதே.

வண்டில்காரர் திரும்பிப் பார்க்க நினைத்தார். கழுத்து திரும்பவில்லை. முருகா என்று கூப்பிடப் பார்த்தார். ‘மு’ மட்டும் வந்தது.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. வாழைப்பழ மணம்.

யோசித்துப் பாருங்கள். ஏற்றினது முழுக்கப் பச்சைக் காய். புகை போட்டு மூடி வைத்தாலும் மூன்று நாள் வேண்டும். வண்டிலின் கடைசியில் இருந்த குலை பழுத்துவிட்டது என்று அவருக்கு மணத்திலேயே தெரிந்தது. பிறகு அதற்கு முன்னால் இருந்த குலை. பிறகு அதற்கும் முன்னால் இருந்தது… கடைசிக் குலை அதற்குள் அழுகி, சீப்புக் கழன்று பலகையில் விழுந்தது. சொத்… சொத்… ஒவ்வொரு குலையாக அந்த மணம் அவருடைய முதுகை நோக்கி வந்துகொண்டிருந்தது.

முதுகோடு ஒரே ஒரு குலை மிச்சம். அங்கே நின்றது.

பிறகு அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. நித்திரையில் கிடக்கிற பிள்ளையைத் தாய் எழுப்புவது போல, அவ்வளவு மெதுவாக.

“பயப்பிடாதை, தம்பி. இதுக்கு மேலை கிட்ட வரமாட்டன். நான் தொட்டால் இப்பிடித்தான்.”

மாடுகள் நடந்துகொண்டே இருந்தன.

“உங்கடை ஊரை முடிக்கத்தான் என்னை அனுப்பினவை. முதலிலை ஆக்களை எண்ண வேணும். மூண்டு மாதமாய் ஒவ்வொரு வேலிக்கு வெளியிலையும் நிண்டு எண்ணினன். நிண்டு நிண்டு… இப்ப எனக்கு முடிக்க ஏலாமல் கிடக்கு.”

யார் அனுப்பினார்கள்? அதை அது சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?

வேலிக்கு வெளியே நின்று கேட்டதையெல்லாம் அது சொல்லிக்கொண்டு வந்ததாம். ஒரு வீட்டில் புருசன் குறட்டை விட, பெண்சாதி அவனுடைய மூக்கைப் பிடித்துவிட்டு இருட்டில் தனியாகச் சிரிப்பாளாம். இன்னொரு வீட்டுப் பொடியனுக்கு ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது ஒருநாளும் வாயில் வராதாம். அவன் அதைச் சரியாகச் சொல்கிற நாள் வரைக்கும் பொறுப்போம் என்று பொறுத்ததாம். அவன் சொல்லவே இல்லையாம்.

“கைப்பிள்ளையள் அழேக்கை தூக்க வேணும் போலை இருக்கும். ஒண்டையும் தூக்கேல்லை.”

பின்னால் இன்னொரு சீப்பு விழுந்தது. சொத்…

“உங்கடை ஊரிலை இரண்டாயிரத்து நூற்றுப் பதிமூண்டு பேர். உன்ரை பெண்சாதியின்ரை வயித்திலை கிடக்கிறதையும் சேத்து.”

மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று வண்டில்காரருக்கு அப்போதுதான் தெரியும். கலியாணம் முடித்து ஒன்பது வருடம். பிள்ளை வரம் கேட்டுக் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்து அலைந்தவர்கள். அந்தச் செய்தியைப் போயும் போயும் இதனிடமா கேட்க வேண்டும்! அவர் வாய்விட்டு அழுதார். பாவம், சந்தோசத்தில் அழுதாரா பயத்தில் அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை.

தானாக ஊரை விட்டுப் போக அதற்கு உத்தரவு இல்லையாம். ஒரு மனிதர் அனுப்பினால் போகலாம். அதற்கு ஒரே ஒரு சொல் போதும்.

“வல்லைப் பாலத்தடியிலை இறங்குவன். ‘போ’ எண்டு சொல்லு. ‘வா’ எண்ட எழுத்து அதோடை ஒட்டப்படாது. ஒட்டினால் நான் திரும்பி வரவேணும். திரும்பி வந்தால் வந்த வேலையை முடிக்க வேணும்.”

பாலத்துக்கு இன்னும் ஒரு மைல். அந்த ஒரு மைலும் வண்டில்காரர் வாய்க்குள் மந்திரம் போல் சொல்லிக்கொண்டு போனார். போ. போ. போ. நாயைக் கலைக்கிற சொல். மாட்டை அதட்டுகிற சொல். இதைச் சொல்வதற்கு என்ன கஷ்டம் என்று நினைக்கிறீர்கள்.

பாலம் வந்தது. வண்டிலின் பின்பக்கம் சட்டென்று எழும்பியது. இறங்கிவிட்டது. பாலத்தின் கீழே தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது.

அவர் வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் அது சொன்னது:

“அப்ப… நான் போறன்.”

போறன்! நம்மில் யார் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஒரு வீட்டுப் படி இறங்குவோம்? குழந்தை தெரியாமல் சொன்னால்கூடத் தாய் வாயில் தட்டுவாள். அதுவும் அந்தக் குரல், வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிற பிள்ளையின் குரல் மாதிரி இருந்ததாம். வண்டில்காரருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. போய்விட்டு வாருங்கள் என்று வழியனுப்புகிற நாற்பது வருடப் பழக்கம் நாக்கில் இருந்தது. யோசிக்க முதலே வாய் சொல்லிவிட்டது.

“சீ, போறன் எண்டு சொல்லக் கூடாது. போட்டு வாங்கோ.”

காற்று நின்றது. மாடுகள் இரண்டும் முழங்காலில் விழுந்தன.

இருட்டுக்குள்ளே இருந்து அது கதைத்தது. “எனக்கு ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்லை.” ஆசையோடுதான் சொன்னதாம். பிறகு விம்மத் தொடங்கியது. “ஏன் சொன்னனீ… ஏன் சொன்னனீ…”

சொன்னது சொன்னதுதான். இனி அது வந்தே ஆக வேண்டும். தன்னால் முடிந்தது இவ்வளவுதான் என்றது: எவ்வளவு காலம் சுணங்கலாமோ அவ்வளவு காலம் சுணங்கி, பிந்தித்தான் வரும். வந்தாலும் அவருடைய வீட்டு வாசல் படலையில்தான் முதலில் நிற்கும். அழைக்காமல் உள்ளே வராது.

“ஆராவது ‘வாங்கோ’ எண்டால் வந்திடுவன். உன்ரை வீட்டிலை தொடங்கித்தான் மற்ற வீடுகள். ஒருத்தரும் சொல்லாமல் பார். வந்து நிண்டால் மூண்டு தரம் செருமுவன். அதுதான் அடையாளம்.”

விடியச் சந்தையில் அந்த வண்டிலைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருபத்தொரு குலை கறுத்துக் கூழாய்க் கிடந்தது. முதுகோடு இருந்த ஒரு குலை மட்டும் பச்சை. அதை வாங்க ஆளில்லை.

பஞ்சலிங்கம்! உனக்கு எத்தனை முறை சொல்வது?

“நான் இல்லை அண்ணை. முந்தியும் நான் செருமேல்லை.”

சரி, சரி. றோட்டால் போகிற யாராவது சுருட்டுக்காரனாக இருக்கும். வெட்டுங்கள்.

அன்றையிலிருந்து அந்த மனிதர் தன் வீட்டுக்கு வந்த ஒருவரையும் ‘வாங்கோ’ என்று சொல்லவில்லை. மனைவியையும் சொல்ல விடவில்லை. காரணமும் சொல்லவில்லை. வயிற்றில் இருந்ததையும் சேர்த்து எண்ணியாயிற்று என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? தலைக்கனம் பிடித்தவர் என்று ஊர் ஒதுக்கியது. மகளுக்கு வந்த மூன்று சம்பந்தமும் படலையில் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனது. அந்தப் பெண் அறைக்குள் இருந்து அழும். அவர் அசையவில்லை. படலையடியில் கட்டிலைப் போட்டு, மழையோ பனியோ, அங்கேயே படுத்தார். சாகிற கிழமைதான் அருளம்பலத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஓம். இப்போது உங்களுக்கு விளங்கிவிட்டது. அவர்தான், போன வருடம் ஆவணியில் செத்த இளையதம்பி. நாளைக்குத் தாலி ஏறப் போகிற இராசமலரின் தகப்பன். நாங்கள் இருந்து பூசணிக்காய் வெட்டுகிற இந்தப் பந்தல் அவருடைய முற்றத்தில்தான் நிற்கிறது. அந்தக் கட்டிலை நேற்றுத்தான் படலையடியிலிருந்து தூக்கிப் பின்பக்கம் போட்டோம், வாழைமரம் கட்ட இடம் வேண்டுமே. நான்தான் தூக்கச் சொன்னேன். நாளைக்குப் படலையில் பன்னீர்ச்செம்போடு நின்று வருகிறவர்களையெல்லாம் வாங்கோ, வாங்கோ என்று சொல்வதற்கு இரண்டு பேரை நானே பிடித்து வைத்திருக்கிறேன்.

என்ன, ஒருவருடைய கையும் ஓடவில்லை? தியாகராசா, நீ வெட்டு. கதைதானே… இருபது வருடமாக ஒன்றும் வரவில்லையே.

யார் பழம் உரித்தது?

ஒருவரும் உரிக்கவில்லையா… மணக்கிறதே.

படலையில் கட்டியிருக்கிற குலைகள் பச்சைக் காய். பின்னேரம் நானே கட்டினேன். நகம் வைத்துப் பார்த்தேன், பால் வடிந்தது.

லாம்பைத் தூக்காதே. பொறு…

சொத்…

கேட்டதா?

ஒருவரும் வாயைத் திறக்க வேண்டாம். இரண்டு முறை செருமினது யார் என்று இப்போது… பொறுங்கள்…

கேட்டதுதானே. மூன்றாவது.

“ஆர் படலையிலை? ஏன் வெளியிலை நிக்கிறியள்? வாங்கோ… உள்ளுக்கு வாங்கோவன்!”

ஐயோ. இளையதம்பியின் பெண்சாதி, கனகாம்பிகை அக்கா. குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள், கதை கேட்கவில்லை. இருபது வருடம் புருசனுக்குப் பயந்து வாய்க்குள் வைத்திருந்த சொல். என்ன சந்தோசமாகச் சொன்னாள், பார்த்தீர்களா…

எழும்பாதீர்கள். கேளுங்கள்… படலை திறக்கவில்லை. இன்னும் திறக்கவில்லை.

அது அங்கேயே நின்று அழுகிறது.