நடுவில் இரண்டு தட்டு

நம் நோலன் ஹாஸ்டெட்லர், டெரல் ஓக்ஸுக்குப் பக்கத்தில் நின்று ஆடப் பொருத்தமானவன்தானா?

தெரியாது. எனக்குத் தெரியாது. இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லத்தான் என்னை இந்த மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். ஆகவே விடை கையில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. எழுந்து போக நினைப்பவர்கள் போகலாம். ஆனால் ஆப்பிள் பை இன்னும் பரிமாறப்படவில்லை.

ஒருவரும் அசையவில்லை. நல்லது. இனி முறைப்படி வணங்குகிறேன்.

தம் கடைக்கு ஆணி வாங்க வந்தவரையும் ஆட்டக் கதை கேட்க வைக்காமல் அனுப்பாத, ஆதரவாளர் சங்கத்தின் தலைவர் வெர்ன் டாக்கெட் அவர்களே. நாற்பது ஆண்டுகளாக அதே பலகையில் அமர்ந்து, ஆள் மாறினாலும் வசவு மாறாமல் நடுவர்களைத் திட்டிவரும் பெரியோர்களே. கிழங்கை மசித்து, அதன் மேல் நூடுல்ஸைக் கொட்டி, அதற்கும் மேல் அன்பைக் கொட்டியிருக்கும் தாய்மார்களே. எனக்கு நிரந்தர எதிர்க்கட்சித் தலைவியாக விளங்கும், நோலனின் தாய் கார்லா அவர்களே. மேசையின் கோடியில் தலை குனிந்து நூடுல்ஸை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கும் நோலனே. கார்வின் கல்லூரியின் ஸ்கோரர் மேசையிலிருந்து, கையில் பென்சிலோடு, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேசுகிறவள் அல்ல. கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கி, கல்லூரி வகுப்பறையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்ட நாளில் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டப் புத்தகம் எழுதுகிறேன். பத்தொன்பது ஆண்டுகள். இதைத்தான் போன வாரம் வெர்னிடமும் சொன்னேன்.

“நான் எழுதுறவ, வெர்ன். பேசுறவ இல்ல.”

“அதனாலதான் நீங்க வேணும், டாக்டர். பேசுறவங்க எல்லாம் பேசி முடிச்சுட்டாங்க. ஒருத்தன் சொன்னதையும் ஊர் நம்பல.”

“நான் சொன்னா நம்புமா?”

“உங்களப் புடிக்காதவங்க கூட நம்புவாங்க. அதாவது, எல்லாருமே.”

கை தட்ட வேண்டாம். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

நண்பர்களே, நாளை என்ன நடக்கப்போகிறது? நாளை மாலை, தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் வரிசையாக வந்து, கல்லூரி ஆட்டக்காரர்களில் தங்களுக்கு வேண்டியவரைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். முப்பது அணிகள். அவற்றில் நோலனை அழைத்து ஆடவிட்டுப் பார்த்தது எத்தனை? ஒன்று. இங்கிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் சின்சினாட்டி ரிவர்மென் மட்டும். அவர்களுக்கு நாளை இரண்டு வாய்ப்புகள். அந்த இரண்டில் ஒன்றில் நோலனின் பெயர் வந்தால், நாம் காசு கொடுத்துத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தில் அவன் ஆடுவான். வராவிட்டால், அவன் மாமாவின் தானியக் கிடங்கில் அவனுக்கென்று ஒரு வேலை காத்திருக்கிறது. நல்ல வேலை. அவனைத் தவிர எல்லோருக்கும் பிடித்த வேலை.

ஏன் அவர்கள் தயங்குகிறார்கள்? பந்து ஒன்று. அதைக் கேட்கும் கைகள் பத்து. சின்சினாட்டியில் அந்த ஒரு பந்து, அணியின் நட்சத்திரமான டெரல் ஓக்ஸின் கையில் இருக்கிறது. அவர் கையில் இருந்தால்தான் கூட்டம் வரும். அவர் கையில் இருந்தால்தான் வெற்றி வரும். அப்படியானால் அவருக்குப் பக்கத்தில் யார் நிற்க வேண்டும்? பந்தைப் பிடிக்கத் தெரிந்தவனா? பிடிக்க யாருக்குத்தான் தெரியாது? பந்தை விடத் தெரிந்தவன் வேண்டும். விட வேண்டிய இடத்தில் விட, விட வேண்டிய நொடியில் விட, விட்டபின் ‘என்னைப் பார்’ என்று கை நீட்டாமல் இருக்கத் தெரிந்தவன் வேண்டும்.

பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன? நோலன் கூடையில் போடுவான், கொடுக்க மாட்டான் என்கின்றன. ஓக்ஸும் அவனும் ஒரே உறையில் இரண்டு வாள் என்கின்றன. ஆதாரம் என்ன? ஒரு எண். ஆட்டத்துக்கு நான்கு அசிஸ்ட். மற்றவர்களுக்குப் பந்தைப் பகிர்ந்துகொடுக்க வேண்டிய ‘கார்டு’ ஆட்டக்காரனுக்கு அது போதாது.

அந்த எண்ணை எழுதியது யார்?

சத்தமாகச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஆம். நான்.

அசிஸ்ட் என்றால் என்ன என்று இந்த ஊரில் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் என் தரப்பைச் சொல்ல அனுமதியுங்கள். ஒருவன் பந்தைக் கொடுக்கிறான். வாங்கியவன் கூடையில் போடுகிறான். கொடுத்தவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு. விதிப் புத்தகத்தில் ஒரு சொல் இருக்கிறது: ‘நேரடியாக’. கொடுத்த பந்து நேரடியாகக் கூடைக்கு வழி செய்ய வேண்டும். இந்தச் சொல்லை நாட்டிலுள்ள ஒவ்வொரு ஸ்கோரரும் தம் ஊர்ப் பிள்ளைக்கு ஏற்றபடி இழுத்துக்கொள்கிறார்கள். நான் போய்ப் பார்த்த ஒரு ஊரில், வாங்கியவன் பந்தை இரண்டு முறை தரையில் தட்டினான், நின்றான், வியர்வையைத் துடைத்தான், காதலி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தான், பிறகு போட்டான். கொடுத்தவனுக்குக் கோடு. அதுவும் நேரடியாம்.

என் மேசையில் அது நடக்காது. வாங்கியவன் நடுவில் இரண்டு தட்டு தட்டினால், அந்தக் கூடை அவன் உழைப்பு. கோடு இல்லை. இது என் கொள்கை. இந்தக் கொள்கைக்கு இந்த ஊர் எனக்குத் தந்த பரிசுகள் பல.

கார்லாவும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. அவள் மகன் ஆடிய மூன்று ஆண்டுகளும் அவள் உட்கார்ந்தது என் முதுகுக்குச் சரியாகப் பின்னால். நான் கோடு போடாத ஒவ்வொரு முறையும் ஒரு குரல் வரும்.

“ஏண்டி ரோண்டா, பென்சில் முனை ஒடஞ்சிபோச்சா? எங்கிட்ட கண்மை இருக்கு, தரட்டுமா?”

கல்லூரியின் அசிஸ்ட் சாதனையை நோலன் மூன்றே மூன்றில் தவறவிட்டான். அடுத்த வாரம் லார்னாவின் உணவகத்துக்குப் போனேன். லார்னா ஆப்பிள் பையோடு வந்தாள். என் மேசைக்கு வரவில்லை. பக்கத்து மேசையில் தட்டை ஒரு முறை வைத்து எடுத்தாள். அடுத்த மேசையில் இன்னொரு முறை வைத்து எடுத்தாள். அப்படியே உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

“லார்னா, அது என்னோடதுதானே?”

“உங்களோடதுதான் டாக்டர். ஆனா நேரடியா வரல பாருங்க. நடுவுல ரெண்டு தட்டு தட்டிடுச்சு. எப்படிக் கணக்குல சேக்கறது?”

சிரிக்கலாம். அன்று நானும் சிரித்தேன், வீட்டுக்குப் போனபிறகு.

மூன்று வாரங்களுக்கு முன் சிரிப்பு நின்றது. சின்சினாட்டியிலிருந்து ஒரு தொலைபேசி. ஹெர்ப் லோமாக்ஸ் என்பவர். அந்த அணிக்கு ஆள் பார்த்துச் சொல்வது அவர் வேலை. பண்பாகத்தான் பேசினார்.

“சும்மா ஒரு விஷயம் உறுதிப்படுத்திக்கத்தான் மேடம். உள்ளூர் ஸ்கோரர் எழுதுன அசிஸ்ட்ல நாங்க எப்பவுமே நாலுல ஒண்ணு கழிச்சுடுவோம். பாசம் பாருங்க, எல்லா ஊர்லயும் கூட்டித்தான் போடுவாங்க. உங்க பையனுக்கு நாலு இருக்கு. கழிச்சா மூணு. மூணு வெச்சுக்கிட்டு ஓக்ஸ் பக்கத்துல நிக்க முடியாது.”

“எங்க புத்தகத்துல கழிக்காதீங்க.”

“எல்லா ஊர்லயும் இப்படித்தான் சொல்றாங்க மேடம்.”

நினைத்துப் பாருங்கள், பெரியோர்களே. பொய் எழுதியவர்களிடம் கழித்தார்கள், நியாயம். மெய் எழுதியவளிடமும் அதே கத்தரிக்கோல். ஏற்கெனவே இளைத்தவனைப் பிடித்து, ‘எல்லோரும் கொழுத்தவர்கள்தானே’ என்று பட்டினி போட்டால் என்ன ஆகும்? அந்தப் பட்டினிக்குக் காரணம் யார்? ஊர் முழுக்க என்னை ஏசியபோது அசையாத நான், அந்த மனிதரின் பண்பான குரலில் அசைந்தேன்.

ஆனால் நான் கணக்குப் படித்தவள். கண்ணீருக்கு முன் காகிதத்தை எடுப்பேன்.

“மிஸ்டர் லோமாக்ஸ், ஒரு நிமிஷம். அவன் ஊர்ல ஆடுனதையும் வெளியூர்ல ஆடுனதையும் தனித்தனியாப் பாத்தீங்களா?”

“அது எதுக்கு?”

“பாருங்க. நான் காத்திருக்கேன்.”

உள்ளூரில் நான் எழுதினேன். வெளியூரில் எழுதியவர்கள் யார்? எதிரணியின் ஆட்கள். நோலனுக்கு மாமனா, மச்சானா? அவனுக்கு ஒரு கோடு கூடுதலாகப் போட அவர்களுக்கு என்ன தலையெழுத்து? எந்த ஆட்டக்காரனை எடுத்தாலும் உள்ளூரில் எண் கூடும், வெளியூரில் குறையும். நோலனுக்கு? மூன்று ஆண்டுகளின் சராசரி: நம் ஊரில் மூன்று. பகைவர் ஊரில் ஐந்து.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். பிறகு அவர் கேட்டார்:

“மேடம், அந்த ஊர்ல உங்கள எப்படி இன்னும் உயிரோட விட்டு வெச்சிருக்காங்க?”

“எனக்கும் தெரியல. ஆப்பிள் பை மட்டும் நிறுத்திட்டாங்க.”

என்ன வெர்ன், ஐந்து நிமிடம் ஆகிவிட்டதா? நாற்பது ஆண்டுகளாக நீங்கள் பேசிய பேச்சிலிருந்து நாலில் ஒன்றைக் கழித்து எனக்குக் கொடுங்கள். முடித்துவிடுகிறேன்.

அந்தத் தொலைபேசிக்குப் பிறகு நோலனைத் தேடிக்கொண்டு பயிற்சி அரங்குக்குப் போனேன். காலை வேளை, தனியாக ஆடிக்கொண்டிருந்தான். சுவரில் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, ஓடிக்கொண்டே பந்தை அந்த வட்டத்துக்குள் எறிந்தான். மார்பு உயரத்தில், தட்டு அளவு வட்டம். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. எழுதியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவனுக்குத் தெரிய வேண்டுமல்லவா?

“முதல் வருஷம் உங்க மேல பயங்கரக் கோவம் மேடம்,” என்றான்.

“இப்ப?”

“இப்பவும் இருக்கு. ஆனா ஒண்ணு. பந்தை வாங்குறவன் ஏன் ரெண்டு தட்டு தட்டுறான்னு யோசிச்சேன். நான் குடுக்குற பாஸ் முழங்காலுக்குப் போகுது, இல்லன்னா முதுகுப் பக்கம் போகுது. அவன் அதச் சரி பண்ணத்தான் தட்டுறான். அதனால அவன் எங்க நின்னு போடுவானோ அங்கயே, அவன் நெஞ்சுக்கே பந்து வர மாதிரி குடுத்துப் பழகினேன். தட்ட வேண்டிய வேலையே இல்லாம. உங்களுக்கு வேற வழியே இருக்கக் கூடாதுன்னு.”

“எனக்காகவா?”

“உங்களப் பழி வாங்கத்தான்.”

ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதை நான் நம்புவதில்லை. இருபது வயதுக்காரர் சொன்னால் நிச்சயமாக நம்புவதில்லை. அன்று மாலையே புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இந்த ஆண்டின் கடைசிப் பத்து ஆட்டங்கள். வெளியூரில் ஐந்து, நம் ஊரில் ஐந்து. வெளியூரில் ஆட்டத்துக்கு எத்தனை? ஆறு. நம் ஊரில், என் மேசையில், என் கஞ்சப் பென்சிலால் எத்தனை?

ஆறு.

உட்காருங்கள் கார்லா. இன்னும் முடியவில்லை.

ஆறுக்கு ஆறு. இதன் பொருள் என்ன? வாதாட இடம் வைக்காத பந்தைக் கொடுக்க அவன் கற்றுக்கொண்டான் என்று பொருள். பகைவனும் மறுக்க முடியாத பந்து. பாசமே இல்லாதவளும் மறுக்க முடியாத பந்து. நான் கற்றுக்கொடுக்கவில்லை, நான் மறுத்தேன், அவ்வளவுதான். கற்றது அவன். சுவரிடம் கற்றான், சாக்குக்கட்டி வட்டத்திடம் கற்றான், கோபத்திடம் கற்றான்.

டெரல் ஓக்ஸுக்கு என்ன வேண்டும்? மூன்று பேர் அவரை மறித்து நிற்கும்போது, அவருக்குக் கிடைக்கும் இடைவெளி அரை நொடி. அந்த அரை நொடியில் பந்து முழங்காலுக்கு வந்தால் இடைவெளி மூடிவிடும். தோளுக்குப் பின்னால் வந்தால் மூடிவிடும். நெஞ்சுக்கு வந்தால்? நேராக நெஞ்சுக்கே வந்தால்?

ஆகவே, அவையோரே, அவன் பொருந்துவானா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அது ஓக்ஸின் கையிலும் காலத்தின் கையிலும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பந்தை விடமாட்டான் என்று யார் சொன்னாலும், அது பொய். பத்திரிகை சொன்னாலும் பொய். பேராசிரியர் சொன்னாலும் பொய். அவன் விடுவான். விட வேண்டிய இடத்தில் விடுவான். விட்ட பந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேரும். நான் எழுதியிருக்கிறேன். பென்சிலால்தான் எழுதினேன், பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு கோட்டையும் அழித்ததில்லை.

நோலன், நிமிர்ந்து உட்கார். நாளை உன் பெயரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அந்த ஆறு அப்படியேதான் இருக்கும்.

பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கும், பொறுமையில்லாமல் கேட்ட கார்லாவுக்கும், பையோடு தர எடுத்துவைத்த பனிக்கூழ் உருகுவதைப் பார்த்தும் உட்கார்ந்திருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம் கூறி அமர்கிறேன். இனி ஆப்பிள் பை வரலாம். நேரடியாக.

*

சங்க மலருக்காக இந்த உரையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். மறுநாள் நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்.

அன்று மாலை ஊர் அதே விருந்து அரங்கில், தொலைக்காட்சிக்கு முன் கூடியது. சின்சினாட்டியின் முதல் வாய்ப்பு வந்தது. ஏழடி உயர ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். நோலன் வெளியே போய், தாய் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அவன் மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது வாய்ப்பில் நோலன் ஹாஸ்டெட்லர் என்றார்கள். பேருந்துவரை ஓடிப்போய்ச் சொன்னது வெர்ன். எழுபத்தொரு வயதில் அவ்வளவு வேகம்.

சிறிது நேரத்தில் லோமாக்ஸ் அழைத்தார். “உங்களாலதான் மேடம். நீங்க சொன்ன கணக்க நான் பயிற்சியாளர்கிட்ட சொன்னேன், அவரு முதலாளிகிட்ட காட்டுனாரு” என்றார். எனக்குப் பக்கத்தில் நின்ற கார்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப அந்த அசிஸ்ட் உனக்குத்தாண்டி. போட்டுக்க.”

நான் மறுத்தேன். என்னிடமிருந்து லோமாக்ஸ், அவரிடமிருந்து பயிற்சியாளர், அப்புறம்தான் முதலாளி. நடுவில் இரண்டு தட்டு. என் கொள்கைப்படி கோடு கிடையாது.

கார்லா என் காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை உருவினாள். ஆட்டப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுதி, அதற்கு எதிரே ஒரு கோடு போட்டாள். அழுத்திப் போட்டதில் முனை ஒடிந்துவிட்டது.

அதை நான் அழிக்கவில்லை.