ஓசி டிக்கெட்டில் யார் போவது

அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பேங்கில் கொடுத்த கிரெடிட் கார்டு நோட்டீஸ் இரண்டு கணவர் கையில் இருந்தது.

"இனிமே சூரத்துக்குச் சேலை எடுக்க ஓசியில பிளேன்லதான் போவேன்" என்றார் அவர்.

"எந்தக் கார்டுல?"

"இந்த நீலக் கார்டுல. சரக்குக்குக் காசு கட்டக் கட்ட பாயிண்டு ஏறும். பாயிண்டு சேந்தா டிக்கெட்டு சும்மா. ஏர்போர்ட்டுல சாப்பாடும் சும்மா."

"இன்னொண்ணு?"

"அது பெட்ரோலுக்கு. நமக்கெதுக்கு?"

"மேனேசரு ஏன் என்கிட்ட கையெழுத்து வாங்குனாரு?"

"கடை உன் பேருலதான இருக்கு? பொம்பளைக பேருல லோனு லேசாக் கிடைக்கும்னு நாந்தான மாத்துனேன். அதான் கார்டும் உன் பேருல வருது."

"டிக்கெட்டு?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டீஸைப் படித்தார். எம்.ரெட்டியபட்டியில் ஆட்கள் இறங்கி ஏறி, பஸ் மறுபடி கிளம்பும்வரை படித்தார்.

"கார்டு யாரு பேருல இருக்கோ அவுகளுக்குத்தானாம்."

"சரி, நானே போறேன். நீங்க எடுத்துட்டு வந்து விக்காமக் கெடக்குற கலரெல்லாம் எனக்குத்தான தெரியும்."

"பெட்ரோல் கார்டுக்கே மாத்திருவமா?"

"அதுக்கும் நாந்தான கையெழுத்துப் போடணும்?"

பரளச்சி வந்தது. அந்த அம்மா முதலில் எழுந்தார்.

"நீங்க சூரத்துக்குக் கெளம்புற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சொல்லிட்டுப் போவீகள்ல, அதத்தான் நானும் சொல்லிட்டுப் போவேன். மத்தியானம் கடையப் பூட்டிட்டுத் தூங்கிறாதீக."